புது ரோடு கேட்பதற்கு முன்: சாலைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக இருக்கும் ரோட்டுக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் சிரிப்பார்கள். குண்டும் குழியுமாக ஆன பிறகுதான் கோப்பு நகரும். பெரிய தவறே இதுதான். தார் ரோட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். மெல்லிய வெடிப்பு வழியாக இறங்கும் மழைநீர், அடியில் உள்ள ஜல்லியையும் மண்ணையும் இளக்கிவிடும். அப்புறம் நாலு லாரி போனால் பள்ளம். வெடிப்பை அடைக்கக் கொஞ்சம் தார் போதும்; அடித்தளம் போய்விட்டால் தோண்டி எடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும். அதுவரை டயர், ஷாக் அப்சார்பர், டீசல் என்று வண்டிக்காரர்கள் கையிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும். அரசுக் கணக்கில் அது ஏறாததால், ஏதோ மிச்சம் பிடித்த மாதிரி தெரிகிறது.

பேட்ச் ஒர்க் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் ஜல்லியைக் கொட்டி, மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவார்கள். அது அடுத்த மழைக்கே தாங்காது. பள்ளத்தின் ஓரங்களைச் சதுரமாக, செங்குத்தாக வெட்ட வேண்டும். தூசியும் ஈரமும் போகச் சுத்தம் செய்ய வேண்டும். தார்க் கரைசல் பூசி, சூடான கலவையைப் போட்டு, ரோலரால் இறுக்க வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடுத்தது, பழைய ரோட்டின் மேலேயே மறுபடி மறுபடி போடுவது. ஒவ்வொரு முறையும் தெரு உயர, வீட்டு வாசல் பள்ளமாகிறது. மழை பெய்தால் தண்ணீர் கூடத்துக்குள் வரும். வசதியுள்ளவர் வீட்டையே உயர்த்திக்கொள்வார். மற்றவர்கள் வாளியோடு நிற்பார்கள். பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குப் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். சுரண்டிய கலவையைப் புதிய கலவையில் சேர்க்கவும் முடியும். அந்த அளவுக்குக் கல்குவாரியில் உடைக்கும் ஜல்லி குறையும். ஆனால் பல தெருக்களில் மேலாகக் கொஞ்சம் கீறிவிட்டு அதையே சுரண்டல் என்கிறார்கள். வேலை நடக்கும் அன்று வாசற்படியிலிருந்து அளந்து பாருங்கள்.

ஆள் செலவைக் குறைப்பதும் சிக்கனம் இல்லை. 2002-ல் தமிழக நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் ஏறத்தாழ 10,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2006-ல்தான், 41 மாதம் கழித்து, மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். ஓரத்து மண்ணைச் சரிசெய்வது, புதரை வெட்டுவது, வடிகாலைத் தூர்வாருவது எல்லாம் அவர்கள் வேலை. இந்தச் சில்லறை வேலைகள் நின்றால் தண்ணீர் ரோட்டிலேயே தேங்கும். அத்தனை குடும்பங்கள் பட்ட பாடு தனி.

லாரிகள் அதிக பாரம் ஏற்றுவதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் பணத்தைக் கரைக்கும். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கிய சோதனையில், வண்டியின் சக்கர அச்சின் மேல் எடை இரட்டித்தால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று தெரிந்தது. குடிநீர்க் குழாய்க்கு, கேபிளுக்கு என்று புது ரோட்டைத் தோண்டுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, உரிமையை விட்டுவிட்டுப் புது டெண்டர் கேட்பது. 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில், போட்ட ஒப்பந்ததாரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும். அதற்கான தொகையும் ஒப்பந்தத்திலேயே உண்டு. ரோட்டோரப் பலகையில் தேதியைப் பாருங்கள். கெடு முடிவதற்குள் பள்ளங்களைப் படம் எடுத்து, கிராம சபையில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.