மத்திய அதிகாரம் பற்றி மேடையேறுபவர்கள் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துகிறோம். 'மத்தியில் குவியும் அதிகாரம்' என்று தலைப்பு வந்துவிட்டால், ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே பிழைகளோடு வந்து நிற்கிறார்கள். ஆண்டு மறப்பதும் பிரிவு எண் மாறுவதும் ஒத்திகையில் சரியாகிவிடும். மற்றவை அப்படியல்ல.

"கல்வியை டெல்லி எடுத்துக்கொண்டது"

1976-ல் வந்த 42-வது அரசியலமைப்புத் திருத்தம் கல்வி, காடு, வன உயிர், எடை அளவு, நீதி நிர்வாகம் ஆகிய ஐந்தையும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குத்தான் மாற்றியது. மத்தியப் பட்டியலுக்கு அல்ல. முண்டந்துறைக் காட்டுக்குச் சென்னையும் சட்டம் போடலாம், டெல்லியும் போடலாம். இரண்டும் மோதினால் 254-வது பிரிவின்படி டெல்லிச் சட்டமே நிற்கும். நம் சட்டம் நிற்கவேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கவேண்டும். இழப்பு இந்தக் காத்திருப்பில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

கூடங்குளம்

அணுசக்தி 1950 முதலே மத்தியப் பட்டியலில்தான் இருக்கிறது. பறிபோன உரிமைக்கு அது உதாரணம் ஆகாது.

தாமிரபரணியைக் காவிரியோடு சேர்ப்பது

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு. மாநில எல்லையைத் தாண்டவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான நதிப் பிரச்சினைக்கு உதாரணமாகக் காவிரியோடு அதைச் சேர்க்காதீர்கள்.

41 சதவீதம்

எத்தனை முறை திருத்தினாலும் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. "மத்திய அரசு வாங்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 41 காசுதான் மாநிலங்களுக்கு வருகிறது, போதாது" என்று நம் பிள்ளை முழங்குவான். எதிரணி எழுந்து, "13-வது நிதிக்குழுவில் 32 ஆக இருந்தது, இப்போது 41. கூடித்தானே இருக்கிறது?" என்று ஒரே கேள்வி கேட்கும். அத்தோடு வாதம் படுத்துவிடும். தோற்கவே வேண்டாத இடத்தில் தோற்பதுதான் எரிச்சல்.

அந்த 41, மத்திய அரசு மாநிலங்களோடு பகிரவேண்டிய வரித் தொகுப்பில் மட்டும்தான். 2000-ல் வந்த 80-வது திருத்தத்துக்குப் பிறகு 270-வது பிரிவு செஸ்ஸையும் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி) சர்சார்ஜையும் (கூடுதல் வரி) அந்தத் தொகுப்புக்கு வெளியே வைத்துவிட்டது. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் வண்ணார்பேட்டை பங்கில் ஒரு லிட்டர் போட்டவர் மத்திய அரசுக்குக் கொடுத்த கலால் வரி 32 ரூபாய் 90 காசு. அதைப் பிரித்தால்: அடிப்படைக் கலால் 1.40, சிறப்புக் கூடுதல் கலால் (இது சர்சார்ஜ்) 11, சாலை உள்கட்டமைப்பு செஸ் 18, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. தொகுப்புக்குப் போவது அந்த 1.40 மட்டுமே. வசூல் செலவைக் கழிக்காமலே கணக்குப் போட்டாலும், அதில் 41 சதவீதம் 57 காசு. அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அப்போது தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம் என்பதால் நமக்கு வந்தது இரண்டு காசு சொச்சம்.

இதை மேடையில் மெதுவாக, ஒவ்வோர் எண்ணாகச் சொல்லவேண்டும். அவசரப்பட்டால் யாருக்கும் ஏறாது. நடப்பாண்டுக் கணக்கு வேண்டுமென்றால் மத்திய பட்ஜெட்டில் 'மாநிலங்களின் பங்கு' என்ற தொகையை 'மொத்த வரி வருவாய்' என்ற தொகையால் வகுத்துப் பாருங்கள். 41 வராது, குறைவாகத்தான் வரும்.

ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலங்களுக்குப் பெரும்பான்மை என்பது

மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு உண்டு, சரிதான். ஆனால் தீர்மானம் நிறைவேற நாலில் மூன்று பங்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கைக் கையில் வைத்திருக்கும் மத்திய அரசு வேண்டாம் என்றால், அத்தனை மாநிலமும் கைகோத்தாலும் நடக்காது.

356-ஓடு நிறுத்திக்கொள்வது

356-வது பிரிவின்படி நடந்த 1976, 1991 ஆட்சிக் கலைப்புகளையே பேசிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றம் தந்த பொம்மை தீர்ப்புக்குப் பிறகு அந்த வழி குறுகிவிட்டது. நேரத்தைப் பெட்ரோல் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.