டொமைனில் சேர மறுக்கும் கணினியா? டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்

சிங்கப்பூரில் உபி, காக்கி புக்கிட் பக்கம் சின்ன அலுவலகங்களில் கணினி வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு இது உதவும். கணினியை அலுவலக டொமைனில் (ஒரே சர்வர் நிர்வகிக்கும் கணினிக் குழு) சேர்க்கும்போது, "டொமைன் கன்ட்ரோலரைத் (அந்த சர்வரைத்) தொடர்புகொள்ள முடியவில்லை" என்று வந்தால், கோளாறு பெரும்பாலும் டிஎன்எஸ்ஸில்தான், அதாவது பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைச் சொல்லும் சேவையில்தான். இன்டர்நெட் ரவுட்டர் தன் முகவரியையே டிஎன்எஸ்ஸாகக் கொடுத்துவிடும். அதற்கு உங்கள் டொமைன் பெயரே தெரியாது. கணினியின் நெட்வொர்க் அடாப்டரின் ஐபிவி4 அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் டொமைன் கன்ட்ரோலரின் ஐபியை மட்டும் போடுங்கள். இரண்டாவதாக 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) வேண்டவே வேண்டாம். இன்று ஓடும், நாளை நின்றுவிடும். அப்புறம் என்எஸ்லுக்கப் (nslookup) கட்டளையில் டொமைன் பெயரைக் கொடுங்கள். சர்வரின் ஐபி வந்தால் சரி.

கணினியின் கடிகாரம் சர்வரின் கடிகாரத்திலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலும், அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை மறுக்கும். நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றாமல் மணியை மட்டும் திருத்தினால் இப்படித்தான் ஆகும். விண்டோஸ் ஹோம் பதிப்பு என்றால் சேரவே முடியாது, ப்ரோ வேண்டும்.