டெபியனும் ஃபெடோராவும் ஒரே டிஸ்கில்: பூட் ஆகாதபோது செய்யக்கூடாதவை

நேற்றுவரை ஓடிய சிஸ்டம் இன்று பூட் ஆகவில்லை என்றதும் பலர் அதை மறுபடி நிறுவப் போய்விடுகிறார்கள். முதல் தவறே அதுதான். இரண்டு லினக்ஸ் இருக்கும் கணினியில் பழுது பெரும்பாலும் அந்தச் சிஸ்டத்துக்குள் இருப்பதில்லை. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றை மற்றது மாற்றியிருக்கும்.

அடிக்கடி மாட்டுவது ஸ்வாப் பகுதி, அதாவது ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம். டெபியனின் இன்ஸ்டாலர், டிஸ்கில் ஏற்கெனவே உள்ள ஸ்வாப்பைத் தானே எடுத்து ஃபார்மேட் செய்துவிடும். அதோடு அந்தப் பகுதியின் அடையாள எண்ணான யூயூஐடி (UUID) மாறிவிடும். பூட்டின்போது எந்தப் பகுதிகளை இணைப்பது என்று சொல்லும், ஃபெடோராவின் எஃப்எஸ்டேப் (/etc/fstab) கோப்பில் இருப்பதோ பழைய எண்; இல்லாத ஸ்வாப்புக்காக பூட் 90 விநாடி நின்றுவிட்டுத்தான் நகரும். டிஸ்க் போய்விட்டதோ என்று புது எஸ்எஸ்டி வாங்கக் கிளம்ப வேண்டாம். ரூட்டாக (நிர்வாகியாக), பகுதிகளின் எண்களைக் காட்டும் பிஎல்கேஐடி (blkid) கட்டளையை ஓட்டி, புது எண்ணை எஃப்எஸ்டேபில் எழுதுங்கள். பூட்டின்போது லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் தரப்படும் வரியில் ‘ரெஸ்யூம்’ (resume) என்பதற்கு எதிரே பழைய எண் இருந்தால், கிரப்பி (grubby) கட்டளையால் அதையும் மாற்ற வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டெபியனை நிறுவும்போதே பார்ட்டிஷன் பட்டியலில் அந்தப் பகுதியைப் ‘பயன்படுத்தாதே’ என்று குறித்துவிட்டு, ஸ்வாப்பைப் பிறகு கையால் சேர்த்தால் இவ்வளவு வேலை இல்லை.

ஸ்வாப்பைப் பகிர்ந்தால் ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை டிஸ்கில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது) வேண்டவே வேண்டாம். உறங்கும் சிஸ்டத்தின் பகுதியை மற்றதிலிருந்து மவுண்ட் செய்து எழுதிவிட்டு, பிறகு அதை எழுப்பினால் ஃபைல்சிஸ்டமே கெட்டுப்போகும்.

டெபியனின் பூட் மெனுவில் ஃபெடோராவைக் காணோமா? அந்த மெனுவைக் காட்டும் பூட்லோடரான கிரப்பின் 2.06 பதிப்பு முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கிறது. ஈடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பில் அது தொடர்பான வரியின் முன் உள்ள # குறியை எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டினால் வந்துவிடும். ஆனால் இது தற்காலிகம்தான். ஃபெடோரா இயல்பாக 3 கெர்னல்களை மட்டுமே வைத்துக்கொண்டு பழையதை அழித்துவிடும். டெபியனின் மெனு அது தெரியாமல் அன்று பார்த்த பட்டியலையே காட்டும். சில அப்டேட்டுகளுக்குப் பிறகு கோப்பு இல்லை என்ற பிழைதான் மிஞ்சும். நிலையான வழி செயின்லோடர், அதாவது ஒரு பூட்லோடர் இன்னொன்றை அழைப்பது: கிரப்.டி கோப்புறையின் 40_கஸ்டம் கோப்பில், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதியில் ஃபெடோராவுக்கு உள்ள ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ கோப்பைச் சுட்டி ஒரு மெனு எழுதுங்கள். அப்போது ஃபெடோராவின் சொந்த மெனுவே திறக்கும்.

யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர்) உள்ள கணினியில், ஃபெடோராவுக்குள்ளிருந்து பூட்லோடரை நிறுவும் கிரப்2-இன்ஸ்டால் கட்டளையை ஓட்டாதீர்கள். அது உருவாக்கும் கோப்பில் கையொப்பம் இருக்காது, கையொப்பம் இல்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட் மறுத்துவிடும். ஃபெடோராவின் பேக்கேஜ் மேனேஜரான டிஎன்எஃப் மூலம் ஷிம், கிரப்2-இஎஃப்ஐ பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்தாலே போதும்.

பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோமை இரண்டுக்கும் பொதுவாக வைப்பது பார்க்க வசதி, பழகினால் தொல்லை. டெபியனில் உருவான கோப்புகளுக்கு, ஃபெடோராவின் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் பார்க்கும் லேபிள் இருக்காது. ஃபெடோராவில் லாகினோ எஸ்எஸ்ஹெச் சாவியோ மறுக்கப்படும். கடுப்பில் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடாமல், ஹோம் முழுவதற்கும், லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கானை -ஆர் என்ற ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பொதுவாக வைக்க வேண்டியது படங்களும் ஆவணங்களும்தான் என்றால், அவற்றுக்குத் தனிப் பகுதி போதும். ஹோம் அதனதன் சிஸ்டத்தில் இருக்கட்டும்.