சோல் பாடகர் பற்றிய படத்துக்கு இயக்குநரை எப்படித் தேர்ந்தெடுப்பது

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து வந்த ஒரு இசை வகை. அதைப் பாடியவர் ஒருவரைப் பற்றிய படத்துக்கு, பெரிய இயக்குநர்களின் பெயர்களைப் பட்டியல் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாட்டு உரிமை உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாடலை எழுதி இசையமைத்ததற்கான உரிமை ஒருவரிடம் இருக்கும், அந்தப் பாடகர் பாடிய ஒலிப்பதிவின் உரிமை வேறொருவரிடம் இருக்கும், இரண்டையும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பற்றி ஜான் ரிட்லி 2013இல் எடுத்த படத்துக்கு, உரிமை வைத்திருந்தவர்கள் சம்மதிக்காததால் ஹென்ட்ரிக்ஸ் எழுதிய பாட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஹென்ட்ரிக்ஸ் சோல் பாடகர் இல்லைதான், ஆனால் சிக்கல் இதேதான். பாட்டே இல்லாமல் படத்தை ஓட்டத் தெரிந்தவர் ஒரு ரகம், முப்பது ஹிட் பாடல்களை வைத்துக்கொண்டு எதை விடுவது என்று தெரிந்தவர் வேறு ரகம். உங்களுக்கு யார் தேவை என்பதே இதற்குப் பிறகுதான் தெரியும்.

அப்புறம் சந்திப்பு. "இந்த வாழ்க்கையில் எந்தப் பகுதியை எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பிறந்தது முதல் இறந்தது வரை என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். சோல் பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் பற்றிய 2021ஆம் ஆண்டுப் படம் அவர் 1972இல் தேவாலயத்தில் பாடிய ஆல்பத்தோடு நின்றுவிடுகிறது, அவரோ 2018 வரை வாழ்ந்தவர். பாடகர் சாம் குக்கை இயக்குநர் ரெஜினா கிங் 2020இல் காட்டியபோது, நான்கு பேர் சேர்ந்திருந்த ஒரே ஒரு இரவு போதுமானதாக இருந்தது. எங்கே நிறுத்துவது என்று யோசித்து வைத்திருப்பவரிடம் பேச்சை நீட்டலாம்.

என்னைக் கேட்டால் முடிவு செய்ய வேண்டிய இடம் இதுதான்: ஒரு பாட்டைக் கொடுத்து, அந்த மூன்று நிமிடத்தில் கேமரா யாரைப் பார்க்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். சோல் இசையின் வேர் தேவாலயத்துக் காஸ்பல் பாட்டில் இருக்கிறது, பாடகர் ஒன்று சொன்னால் கூட்டமோ கோரஸோ பதில் சொல்லும், அந்தப் பதில் வந்து விழும்போதுதான் பாட்டு சூடு பிடிக்கும். பாடுகிறவர் முகத்தை மட்டும் குளோசப்பில் வைத்துக்கொண்டிருப்பேன் என்பவருக்கு இது புரியவில்லை என்று அர்த்தம். யார் குரல் என்றும் கேட்டுவிடுங்கள். ஜேம்ஸ் பிரவுன் படத்தில் சாட்விக் போஸ்மேன் பெரும்பாலும் பிரவுனின் அசல் குரலுக்கு வாயசைத்தபடி ஆடினார், அரீதாவாக நடித்த ஜெனிஃபர் ஹட்சனோ படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார். இந்த இரண்டு வழிக்கும் ஒத்திகை, ஒலிப்பதிவு, எடிட்டிங் எல்லாமே மாறும். "அதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர் வேண்டாம்.

பெரிய இயக்குநர் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள். அரீதாவின் அந்த 1972 தேவாலய நிகழ்ச்சியைப் படம் பிடித்தவர் சிட்னி பொல்லாக்தான். கிளாப் பலகை அடிக்காமல் எடுத்ததால் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமல் போய், வேறு சில சிக்கல்களும் சேர்ந்து, அது 2018இல்தான் திரைக்கு வந்தது. மாறாக, அரீதா பற்றிய கதைப் படத்தை எடுத்த லீசல் டாமிக்கு அது முதல் முழுநீளப் படம், அவர் நாடக மேடையிலிருந்து வந்தவர். மேடையில் நிற்கும் உடம்பைப் பற்றித் தெரிந்தவர் என்பது சின்னத் தகுதி இல்லை.

குடும்பத்தைச் சமாளிக்கத் தெரியுமா என்றும் பாருங்கள். சோல் பாடகர் மார்வின் கேயை 1984இல் சுட்டுக் கொன்றது அவருடைய அப்பா. இப்படிப்பட்ட கதையில் உறவினர்கள் காட்சிகளை வெட்டச் சொல்வார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் படம் பாராட்டு விழா மாதிரி ஆகிவிடும், எதற்குமே மசியாவிட்டால் பாட்டு கைவிட்டுப் போகலாம். ரே சார்ல்ஸ் உயிரோடு இருந்தபோதே அவருடைய போதைப் பழக்கத்தையும் பெண் தொடர்புகளையும் மறைக்காமல் படமாக எடுத்தவர் டெய்லர் ஹாக்ஃபோர்ட். 1987இல் உரிமை வாங்கியவருக்குப் படத்தை வெளியிட 2004 ஆயிற்று. அதனால் பொறுமையையும் எடை போடுங்கள், இரண்டு வருஷத்தில் வேறு படத்துக்கு ஓடிவிடுகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் உதவ மாட்டார்.

எல்லாம் சரி என்றால், கையெழுத்துக்கு முன்னால் இசைப் பொறுப்பாளரோடு அவரை ஒரு நாள் உட்கார வைத்துவிடுங்கள். கடைசி எடிட்டிங் யார் முடிவு, குடும்பத்துக்கு எந்தக் கட்டத்தில் போட்டுக் காட்டுவது, இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.