காயத் தடுப்பு ஆய்வுக்கு வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

சாலை விபத்து, நஞ்சு குடித்தல் போன்றவற்றால் வரும் பாதிப்பையும் இறப்பையும் குறைக்க வழி தேடுவதே காயத் தடுப்பு ஆய்வு. அதற்கு வரும் எம்.பி.ஹெச். (பொதுச் சுகாதார முதுகலை), பிஎச்.டி. மாணவர்கள் பலருக்கும் முதலில் கைக்கு எட்டும் தலைப்பு, ‘கல்லூரி மாணவர்களிடையே ஹெல்மெட் விழிப்புணர்வு’. வினாத்தாளை அச்சடித்து ஒரு மாதத்தில் 400 பேரிடம் நிரப்பி வாங்கிவிடலாம். ஆனால் ஹெல்மெட் உயிர் காக்கும் என்பது தெரிந்தும் போடாமல் போகிறவரைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லாது. பழக்கத்தை அளக்க வேண்டுமானால் சாலையோரம் நின்று எண்ண வேண்டும். ஓட்டுபவரையும் பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் தனித்தனியாக, பகலிலும் இரவிலும், வார நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எண்ணுங்கள். தாடைப்பட்டை மாட்டியிருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைத் தரவை ஊர் முழுவதற்குமான கணக்காக எடுத்துக்கொள்வது இதைவிடப் பெரிய தவறு. சம்பவ இடத்திலேயே இறந்தவர் வார்டுக்கு வருவதில்லை, நேரே பிணவறைக்குப் போகிறார். லேசான காயக்காரர் பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். காவல்துறைக் கணக்கிலும் விடுபடல் உண்டு. 2016-இல் இந்தியாவின் சாலை இறப்புகள் அரசுக் கணக்கில் 1,50,785. அதே ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 2,99,091. அதனால் எஃப்.ஐ.ஆர்., மருத்துவமனைப் பதிவேடு, பிரேதப் பரிசோதனைப் பதிவேடு மூன்றையும் பெயர், வயது, தேதி, இடம் கொண்டு ஒப்பிட்டு, எதில் யார் விடுபடுகிறார்கள் என்று பாருங்கள்.

பதிவேட்டின் தரத்தையும் சோதிக்காமல் நம்பக் கூடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். பதிவேட்டில் (விபத்துப் பதிவேடு) அங்க அடையாளங்கள்கூடத் தெளிவாக இருக்கும். காரணம் எழுதும் இடத்தில் மட்டும் ‘ஆர்.டி.ஏ.’ (சாலை விபத்து) என்ற மூன்றெழுத்தோடு முடிந்திருக்கும். நடந்து போனவரா, பைக்கில் போனவரா, மோதியது லாரியா, ஆட்டோவா என்பது தெரியாது. நோய், காயக் காரணங்களுக்கான பன்னாட்டுக் குறியீடான ஐ.சி.டி.-10-இல் இது வி89.2, அதாவது விவரம் குறிப்பிடாத வாகன விபத்து, ஆகிவிடும். விவரம் கேட்டு எழுதியிருந்தால், கார் மோதிய பாதசாரி வி03, கார் மோதிய பைக் ஓட்டுநர் வி23 என்று பிரிந்திருக்கும். வி89 நிறைந்த தரவை வைத்துப் பாதசாரிகளைப் பற்றி முடிவு எழுதாதீர்கள். பூச்சிக்கொல்லி விஷயத்தில், போலீஸ் கேஸுக்குப் பயந்து ‘தவறுதலாகக் குடித்துவிட்டார்’ என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. தவறுதல், தற்கொலை முயற்சி, நோக்கம் தெரியாதது என மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் காட்டுங்கள்.

கிராமம் கிராமமாக ஆட்களைச் சேர்த்துவிட்டு, தனி ஆட்களைச் சேர்த்ததுபோலக் கணக்கிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு கிராமத்துக்கு 50 பேர், கிராமத்துக்குள்ளான ஒட்டுறவு (ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.02 என்று வைத்துக்கொள்வோம். 1 + (50 − 1) × 0.02 = 1.98. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள் வேண்டும். புள்ளியியலாளரிடம் தரவு சேர்த்த பிறகு போனால் அவரால் இதைச் சரிசெய்ய முடியாது.

பலன் இல்லை என்று வந்த முடிவை அலமாரியில் பூட்டி வைப்பது நம் துறைக்கு நேரடியான கேடு. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களின் விவசாய வீடுகளுக்குப் பூச்சிக்கொல்லி வைக்கப் பூட்டுள்ள பெட்டி கொடுத்தார்கள். நஞ்சு குடித்தல் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதே நாட்டில் 1995-இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ், 2008-க்கும் 2011-க்கும் இடையில் படிப்படியாகப் பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் ஆகிய நச்சு மருந்துகளின் விற்பனை தடை செய்யப்பட்டது. தற்கொலை இறப்புகள் பெருமளவு சரிந்தன. தினமும் பூட்ட வேண்டிய பெட்டியைவிடக் கடையிலிருந்தே நஞ்சை எடுப்பது வலுவானது என்று இன்று உறுதியாகப் பேச முடிகிறதென்றால், அந்தப் பலனற்ற முடிவை மறைக்காமல் வெளியிட்டதும் ஒரு காரணம்.

பெட்டி கொடுத்துப் பார்த்ததுபோன்ற தலையீட்டுச் சோதனையானால், முதல் நபரைச் சேர்க்கும் முன்பே நெறிமுறைக் குழு ஒப்புதலும் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம்) பதிவும் கையில் இருக்க வேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு அங்கே பின்தேதிப் பதிவு கிடையாது. ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர், போக்குவரத்துக் காவல் அதிகாரி, வேளாண் அலுவலர் ஆகியோரிடம் முடிவுகளோடு போகாதீர்கள். கேள்வியை வகுக்கும்போதே போங்கள். எதை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பது அப்போதுதான் தெரியும். பதிவேடு பார்க்கும் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். பிஎச்.டி.யின் இரண்டாம் ஆண்டில் விண்ணப்பித்தால், ஆய்வேடு ஒரே மருத்துவமனையின் தரவோடு நின்றுவிடும்.