பலத்த காற்று வருமுன் சிறிய விமானத்தைக் கட்டி வைப்பது எப்படி?

விமானம் ஓடுகிறதா, காற்று வீசுகிறதா என்று இறக்கைக்குத் தெரியாது. செஸ்னா 172 மாதிரி ஒரு சிறிய விமானம் முழுச் சுமையோடு மணிக்கு 90 கி.மீ. சுமாரிலேயே காற்றில் எழும்பிவிடும். ஆளில்லாமல், தொட்டி காலியாக நிற்கும்போது அதைவிடக் குறைந்த காற்றே அதற்குப் போதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால் கயிற்றை மட்டும் நம்பாதீர்கள், இறக்கை தூக்க ஆரம்பிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை.

புயல் எச்சரிக்கை என்றால் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், விடுங்கள், இல்லையா, நேரம் இருக்கும்போதே வேறு ஊருக்குப் பறந்துவிடுங்கள். இரண்டும் முடியாதவர்களுக்குத்தான் மீதி.

முதலில் விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்புங்கள். இடிமழை வந்தால் திசை சட்டென்று மாறும், அதனால் இது மட்டும் போதாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பார்க்கிங் பிரேக் கூடுதல் உதவிதான், கட்டைக்கு மாற்று இல்லை. இறக்கையின் பின் விளிம்பில் கீழே இறங்கும் பலகையான ஃபிளாப்பை முழுதாக மேலே ஏற்றிவிடுங்கள். பெட்ரோல் நிரப்பினால் எடையும் கூடும்: 200 லிட்டர் ஏறக்குறைய 145 கிலோ.

அடுத்து கண்ட்ரோல் லாக், அதாவது விமானத்தைத் திருப்பும் அசையும் பலகைகளுக்கான பூட்டு. எய்லரான் (இறக்கை நுனிப் பக்கம் இருப்பது), எலிவேட்டர் (வாலில் படுக்கையாக இருப்பது), ரடர் (வாலில் நிமிர்ந்து நிற்பது) மூன்றும் அசையக் கூடாது, அசைந்தால் காற்று அவற்றை அடித்து அடித்தே கீலையும் கேபிளையும் கெடுத்துவிடும். காக்பிட்டில் மாட்டும் பூட்டு பல விமானங்களில் ரடரைப் பிடிக்காது, அதற்கு வெளியே தனிப் பூட்டு வேண்டும். வால் சக்கர விமானம் மூக்கைக் காற்றுக்குக் காட்டி நின்றால் எலிவேட்டரை மேல்நோக்கிப் பூட்டுங்கள், வால் தரையோடு அழுந்தி நிற்கும். வால் பக்கம் காற்று என்றால் கீழ்நோக்கி. எந்தப் பூட்டானாலும் கண்ணில் படுகிற சிவப்புத் துணி தொங்க வேண்டும், பூட்டைக் கழற்றாமல் கிளம்பி உயிர்கள் போயிருக்கின்றன.

இப்போது கயிறு. நைலான் அல்லது பாலியஸ்டர் நல்லது. மணிலாக் கயிறு மழையில் நனைந்தால் சுருங்கி இறுகும், அதனால் அதற்கு ஓர் அங்குலம் தளர்வு விட்டுத்தான் கட்ட வேண்டும். வெயிலில் வெளுத்து நார் பிரிந்த கயிற்றைத் தூக்கிப் போடுங்கள். உற்பத்தியாளர் கொடுத்திருக்கும் வளையங்களில் மட்டும் கட்டுங்கள், இரண்டு இறக்கையிலும் வாலிலும் அவை இருக்கும். இறக்கையை உடலோடு தாங்கும் சாய்வுக் கம்பியான ஸ்ட்ரட்டில் கட்டவே கட்டாதீர்கள். கயிறு நழுவி நடுவில் வந்தால் சின்ன இழுப்பிலேயே ஸ்ட்ரட் வளைந்துவிடும்.

முடிச்சுக்கு போலைன் (bowline) என்ற நழுவாத கண்ணி முடிச்சு போதும். கயிற்றில் ஒரு சிறு கண்ணி போடுங்கள், நுனியை வளையத்துக்குள் நுழைத்துக் கொண்டுவந்து கண்ணிக்குள் கீழிருந்து மேலே எடுத்து, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, திரும்ப அதே கண்ணிக்குள் இறக்கி இறுக்குங்கள். எவ்வளவு இழுத்தாலும் இது நழுவாது, அப்புறம் அவிழ்ப்பதும் சுலபம். கயிறு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். தொய்வு அதிகமானால் காற்றில் விமானம் எழும்பி வெடுக்கென்று இழுபடும், அந்த ஒரு வெட்டு இழுப்பில் கயிறும் போகும், வளையமும் போகும். முறுக்கி இழுத்துக் கட்டினால் இறக்கை எந்நேரமும் கீழ்நோக்கி இழுபட்டுக்கொண்டே இருக்கும். தொய்வில்லாமல், ஆனால் நரம்பு மாதிரி விறைக்காமல் நிறுத்துங்கள்.

கயிற்றின் மறுமுனை எதில் மாட்டியிருக்கிறது? கான்கிரீட்டில் பதித்த வளையம் என்றால் நிம்மதி. வெறும் முளை அடித்தால் மழையில் மண் இளகி, பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அதைவிடத் திருகி இறக்கும் நங்கூரம் நல்லது.

இறக்கையின் மேல், முன் விளிம்புக்குச் சற்றுப் பின்னால், அடியில் ஃபோம் ஒட்டிய நீளமான மரச் சட்டத்தைக் கட்டி வைத்தால் காற்றோட்டம் உடைந்து தூக்கும் விசை நன்றாகக் குறையும். இது பலர் செய்யாத வேலை, எனக்குக் கயிற்றுக்கு அடுத்தபடி முக்கியமாகத் தெரிவது இதுதான்.

கதவு, ஜன்னல் சாத்தி, வேகத்தை அளக்கக் காற்றை வாங்கும் பிட்டோ குழாய்க்கு உறை போடுங்கள். பக்கத்து விமானத்தையும் ஒரு பார்வை பாருங்கள், அது அறுத்துக்கொண்டு வந்தால் உங்களுடையதில்தான் மோதும்.

காற்று ஓய்ந்ததும் பறக்க ஓடாதீர்கள். பூட்டுகளைக் கழற்றி ஒவ்வொரு கண்ட்ரோலையும் கடைசி வரை அசைத்து, சிக்கலோ சத்தமோ இருக்கிறதா பாருங்கள். வளையத்தைச் சுற்றித் தகட்டில் சுருக்கமோ, ரிவெட் தளர்வோ தெரிந்தால் மெக்கானிக் பார்க்கும்வரை விமானத்தைக் கிளப்பாதீர்கள். தொட்டி வடிகாலைத் திறந்து, பெட்ரோலில் மழைநீர் கலந்திருக்கிறதா என்றும் சோதியுங்கள்.