4-எச் முட்டைச் சமையல் செயல்விளக்கப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்வது எப்படி?

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் ஸ்பெல்லிங் பீ, கணிதப் போட்டி, ரோபாட்டிக்ஸ் என்று வாரக் கடைசிகளில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஊரில் நூறாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் 4-எச் இளைஞர் சங்கத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள், நான் பார்த்த வரையில், மிகச் சிலரே. அது ஆடு, மாடு, பன்றி வளர்க்கும் குடும்பங்களுக்கான சங்கம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் பண்ணை விளைபொருள்களைச் சமைத்துக் காட்டியும் விளக்கிப் பேசியும் பரிசு பெறும் போட்டிகள் அங்கே பல உள்ளன. அவற்றில் பங்கேற்கப் பண்ணை வேண்டாம், தோட்டமும் வேண்டாம், அபார்ட்மென்ட் அடுப்பங்கரையே போதும். சில மாநிலங்களில் பால்பொருள் சமையல் போட்டி உண்டு. சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குக் கரி அடுப்பில் கோழி சுடும் பார்பெக்யூ போட்டி உண்டு. டெக்சஸில் மூவர் முதல் ஐவர் வரை கொண்ட குழு, கொடுக்கப்பட்ட பொருள்களைக் கொண்டு 40 நிமிடத்தில் ஓர் உணவைத் தயாரித்து அதன் சத்தையும் செலவையும் நடுவர்களுக்கு விளக்கும் போட்டியும் உண்டு. புதிதாக வருபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது முட்டைச் சமையல் செயல்விளக்கம். பொருள் மலிவு, சமைக்கும் நேரம் குறைவு, சொல்வதற்குச் செய்தி ஏராளம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இது ருசிப் போட்டி அன்று. 4-எச் தோன்றிய கதையைப் பார்த்தால் இது விளங்கும். 1902இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் சிறுவர் வேளாண் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1910இல் தென் கரோலினாவின் ஏய்கன் கவுண்டியில் மேரி குரோமர் என்ற ஆசிரியை, சிறுமிகள் சிறு நிலத்துண்டில் தக்காளி பயிரிட்டு டப்பாவில் அடைத்து விற்கும் சங்கத்தை அமைத்தார். 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் இத்தகைய முயற்சிகளை வேளாண் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கப் பணியோடு, அதாவது பல்கலைக்கழக அறிவை மக்களிடம் கொண்டுசெல்லும் பணியோடு, இணைத்தது. பல்கலைக்கழகம் சொல்லும் புதிய முறைகளை நம்பத் தயங்கிய விவசாயிகள், தம் பிள்ளைகள் செய்து காட்டியபோது ஏற்றுக்கொண்டார்கள் என்பதே இந்தச் சங்கங்களின் தொடக்க கால அனுபவம். மேடையில் பிள்ளை முட்டையை உடைக்கும்போது நடுவர் இன்றும் எதிர்பார்ப்பது அதையே: செய்து காட்டு, ஏன் அப்படிச் செய்கிறாய் என்று சொல்.

படி 1: சேருதல்

ஏறத்தாழ ஒவ்வொரு கவுண்டியிலும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க அலுவலகம் ஒன்று இருக்கும். 4-எச் சேர்க்கை அங்கேதான். ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ளவர்கள் குளோவர்பட் பிரிவில் இருப்பார்கள், அவர்களுக்கிடையே போட்டி கிடையாது. எட்டு வயதிலிருந்து பதினெட்டு வரை போட்டிகளில் கலந்துகொள்ளலாம். அலுவலகத்தில் பேசும்போது மறக்காமல் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: போட்டியின் விதித்தாள், நடுவர் பயன்படுத்தும் மதிப்பெண் தாள். நேர வரம்பு, வயதுப் பிரிவு, ஒரு பரிமாறலுக்கு எத்தனை முட்டை சேர்க்க வேண்டும், மின்சார அடுப்பை யார் கொண்டுவர வேண்டும் என்பனவெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மதிப்பெண் தாளை முதலிலேயே படித்துவிட்டால், எதற்கு எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். கீழே உள்ளவற்றை 12 நிமிட வரம்பை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் கவுண்டியின் வரம்புக்கு ஏற்பக் குறைத்தோ கூட்டியோ கொள்ளலாம்.

படி 2: பண்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

நம் வீட்டு முட்டை பொடிமாஸ் இந்தப் போட்டிக்கென்றே அமைந்தது போன்ற பண்டம். ஒரே வாணலியில் முடிகிறது, அடுப்பில் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் ஆகாது, முட்டையே அதில் முதன்மைப் பொருள். முட்டைக் குழம்பு வேண்டாம். அதில் குழம்புதான் பேசப்படும், முட்டை மிதந்துகொண்டிருக்கும். கேக்கும் வேண்டாம், அடுப்பிலிருந்து அது வெளிவருவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

இரண்டு பேருக்கான அளவு: பெரிய முட்டை 4, பொடியாக நறுக்கிய வெங்காயம் அரைக் கப், விதை நீக்கிய பச்சை மிளகாய் 1, கறிவேப்பிலை ஓர் ஆர்க்கு, கடுகு அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, எண்ணெய் 2 தேக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள், மேலே தூவக் கொத்துமல்லித் தழை. பல நடுவர்களுக்குக் கறிவேப்பிலை புதிது. ஆகவே ஓர் ஆர்க்கைத் தனியாக எடுத்துவைத்து, அவர்கள் பார்க்கும்படி காட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். காரத்தை அடக்கியே வையுங்கள். நடுவர் தண்ணீரைத் தேடும் நிலை வரக் கூடாது.

படி 3: முட்டையைப் படித்தல்

பெரும்பாலான பிள்ளைகள் பண்டத்தைப் பயிற்சி செய்கிறார்கள், முட்டையைப் படிப்பதில்லை. கடையிலிருந்து முட்டை அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்து, அதன்மேல் அச்சிட்டிருப்பதையெல்லாம் பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். அமெரிக்க வேளாண் துறையின் கேடய முத்திரை இருந்தால், பெட்டியின் பக்கவாட்டில் மூன்று இலக்க எண் ஒன்றும் இருக்கும். அது முட்டைகளைப் பெட்டியில் அடைத்த நாள். 001 என்றால் ஜனவரி 1, 365 என்றால் டிசம்பர் 31. பெட்டியை மேடைக்கு எடுத்துச் சென்று, அந்த எண்ணைச் சுட்டிக்காட்டி, "இந்த முட்டைகள் இத்தனையாம் தேதி அடைக்கப்பட்டவை" என்று கணக்கிட்டுச் சொல்லும் பிள்ளையை நடுவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஏஏ, ஏ, பி என்ற தரப்பிரிவு முட்டையின் அளவைக் குறிப்பதில்லை. ஓட்டின் நிலை, உள்ளே இருக்கும் காற்றறையின் ஆழம், வெள்ளைக்கருவின் கெட்டித்தன்மை, மஞ்சள்கரு ஆகியவற்றைப் பார்த்துத் தருவது அது. முட்டைக்கு வயதாக ஆக உள்ளிருக்கும் ஈரம் ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காற்றறை பெரிதாகும். ஏஏ தரத்தில் அதன் ஆழம் கால் அங்குலத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அளவு என்பது வேறு: ஒரு டஜன் முட்டை குறைந்தது 24 அவுன்ஸ் எடை இருந்தால் அது "பெரிய" முட்டை. அப்படி ஒரு முட்டையில் ஏறத்தாழ 70 கலோரியும் 6 கிராம் புரதமும் உண்டு. நம் அளவின்படி ஒருவருக்கு இரண்டு முட்டை என்பதால், முட்டையிலிருந்து மட்டும் 12 கிராம் புரதம் கிடைக்கும் என்று பிள்ளை கணக்கிட்டுச் சொல்லலாம். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்ததே தவிர, சத்தைப் பொறுத்ததன்று. வெள்ளை லெகார்ன் வெள்ளை முட்டை இடும், ரோட் ஐலண்டு ரெட் பழுப்பு முட்டை இடும். ஒரு முட்டை உருவாகக் கோழிக்கு ஏறத்தாழ ஒரு நாளுக்குச் சற்று மேலாகும்.

ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டிமார் "முட்டையை ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்கள்" என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியையே உரையில் சேர்க்கலாம். அமெரிக்காவில் முட்டைகளைக் கழுவி விற்கிறார்கள். கழுவும்போது ஓட்டின் மேலுள்ள இயற்கையான மெல்லிய பூச்சு போய்விடுவதால், அவற்றை 45 டிகிரி ஃபாரன்ஹீட் (7 டிகிரி செல்சியஸ்) குளிர்ச்சியிலோ அதற்குக் கீழோ வைத்திருக்க வேண்டும். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது.

முடிந்தால் அருகிலுள்ள சிறு கோழிப்பண்ணைக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். விரிவாக்க அலுவலகமே பல ஊர்களில் இதற்கு வழிகாட்டும்.

படி 4: உரையைக் கையசைவோடு கோத்தல்

இந்தப் போட்டியின் உயிர்நாடி இதுதான். "இப்போது முட்டையை உடைக்கிறேன், இப்போது கலக்குகிறேன்" என்று பிள்ளை சொல்வது வீண். அது நடுவருக்குக் கண்ணிலேயே தெரிகிறது. கை ஒரு வேலையைச் செய்யும்போது வாய் அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் செயல்களையும் வலப்பக்கம் காரணங்களையும் எழுதச் சொல்லுங்கள். எழுதுவது பிள்ளையாகவே இருக்கட்டும்.

முட்டையை வாணலியின் விளிம்பில் தட்டாமல் சமதளத்தில் தட்டி உடைக்க வேண்டும். ஓட்டுத் துணுக்கு உள்ளே போகும் வாய்ப்பு குறையும். ஒவ்வொன்றையும் முதலில் சிறு கிண்ணத்தில் உடைத்து, பார்த்துவிட்டு, பிறகே பெரிய கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். ஒன்று கெட்டிருந்தாலும் மற்ற மூன்றும் பிழைக்கும். பச்சை முட்டையைத் தொட்ட கையைக் கழுவாமல் வேறு எதையும் தொடக் கூடாது. இந்த இடத்தில் சால்மொனெல்லா கிருமியைப் பற்றி ஒரே வாக்கியம் போதும்.

தாளிக்கும் கட்டம் தனிக் கவனம் பெற வேண்டியது. கடுகு வெடிக்கும்போது எண்ணெய் தெறிக்கும், சத்தத்தில் பேச்சும் தடுமாறும். ஆகவே கடுகைப் போட்டதும் மூடியால் பாதி மூடி, "கடுகு வெடிப்பதுதான் எண்ணெய் காய்ந்ததற்கு அடையாளம்" என்று சொல்லிவிட்டு, சத்தம் அடங்கும்வரை நடுவர்களைப் பார்த்துச் சிரித்தபடி நின்றால் போதும். கறிவேப்பிலையில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. வெங்காயம் வதங்கும் அந்த இரண்டு நிமிடம் மிகவும் விலைமதிப்புள்ளது. கையில் வேலை இல்லாத அந்த நேரத்தில்தான் அட்டைப்பெட்டி எண், தரப்பிரிவு, புரதக் கணக்கு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.

முட்டையை ஊற்றுவதற்கு முன் சூட்டைக் குறைக்கச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள். வெப்பம் பட்டதும் முட்டையின் புரதம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. சூடு மிகுந்தால் அளவுக்கு மீறி இறுகித் தன்னிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றிவிடும். வீட்டில் சில நாள் பொடிமாஸ் ரப்பர் போல ஆகித் தட்டில் தண்ணீர் விடுவது இதனால்தான். முட்டை கட்டியாகத் தொடங்கியதும் மெல்லக் கிளறி, ஒரு பக்கமாகக் குவித்து, சமையல் வெப்பமானியின் முனையைக் குவியலின் நடுவே செருகிக் காட்ட வேண்டும். முட்டைப் பண்டங்கள் 160 டிகிரி ஃபாரன்ஹீட் (71 டிகிரி செல்சியஸ்) எட்ட வேண்டும். நம் அம்மாமார் யாரும் பொடிமாஸுக்கு வெப்பமானி வைத்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் உணவுப் பாதுகாப்புக்குரிய மதிப்பெண் இந்த ஒரு செயலில் பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். முதல்நாளே பனிக்கட்டி நீரில் அந்த வெப்பமானியை வைத்து 32 டிகிரி காட்டுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 5: மேசையும் உடையும்

எல்லாப் பொருள்களையும் முன்பே அளந்து கண்ணாடிக் கிண்ணங்களில் வையுங்கள், உள்ளே இருப்பது நடுவருக்குத் தெரியும். மஞ்சள்தூளுக்கு மட்டும் பழைய கிண்ணம் போதும், கறை போகாது. வெங்காயத்தை வீட்டிலேயே நறுக்கிவிட்டு, கால் வெங்காயத்தை மட்டும் மேடையில் நறுக்கிக் கத்தி பிடிக்கும் முறையைக் காட்டலாம். மேசையில் பொருள்கள் ஒரு பக்கத்திலிருந்து பயன்படும் வரிசையில் இருக்கட்டும், பயன்படுத்திய கிண்ணங்கள் மறுபக்கம் ஒரு தட்டுக்குள் போகட்டும். ஈரத்துணி, குப்பைப் பை, ருசி பார்க்க இரண்டு கரண்டி ஆகியவை மறக்கக் கூடாதவை. முடியைக் கட்டி, மோதிரம், வளையல் கழற்றி, ஏப்ரன் அணிந்திருக்க வேண்டும்.

படி 6: பயிற்சி

பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்விக்கும் நம் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். மனப்பாடம் செய்த பிள்ளை, கடுகு வெடிக்கத் தாமதமானால் அடுத்த வரி வராமல் திகைக்கும். காரணம் தெரிந்த பிள்ளை வேறு ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கும். முதலில் அடுப்பில்லாமல் வெறும் கிண்ணங்களோடு, பிறகு உண்மையான சமையலோடு, நேரத்தைக் குறித்துக்கொண்டு பயிற்சி செய்யுங்கள். பிள்ளை பேசும்போது குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். பொடிமாஸ் என்றால் என்னவென்றே தெரியாத அண்டை வீட்டார் ஒருவரை ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள். அவர் கேட்கும் கேள்விகளே நடுவர் கேட்கப்போகும் கேள்விகள்.

படி 7: போட்டி நாள்

முட்டைகளைப் பனிக்கட்டி வைத்த கூலரில் எடுத்துச் செல்லுங்கள். மேடைக்கு உதவப் பெற்றோர் போகக் கூடாது. பல இடங்களில் இது விதியாகவே உண்டு. பண்டம் தட்டுக்கு வந்ததும் பிள்ளை இரண்டு மூன்று வாக்கியங்களில் முடித்துவிட்டு, கேள்விகள் உண்டா என்று நடுவர்களிடம் கேட்க வேண்டும். பழுப்பு முட்டையில் சத்து அதிகமா, மஞ்சள்கருவைச் சுற்றிப் பச்சை வளையம் ஏன் வருகிறது என்ற வகையில் கேட்பார்கள். இரண்டாவதற்கு விடை: அதிக நேரம் சூட்டில் இருந்தால் வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் சேர்ந்து அந்த நிறத்தைத் தருகின்றன, உண்பதால் தீங்கில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பிள்ளைக்கு நடுவர்கள் குறை வைப்பதில்லை, கதை கட்டினால்தான் சிக்கல்.

கவுண்டி அளவில் பெரும்பாலும் நீலம், சிவப்பு, வெள்ளை ரிப்பன்கள் தருவார்கள். பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடாமல், குறித்த தரத்தோடு ஒப்பிட்டுத் தரும் டேனிஷ் முறை இது. ஆகவே ஒரே பிரிவில் ஐந்து பேர் நீல ரிப்பன் பெறலாம், ஒருவரும் பெறாமலும் போகலாம். மாநில அளவில் வெல்லும் மூத்த பிரிவினர், நவம்பரில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் நடக்கும் தேசிய 4-எச் கோழி, முட்டை மாநாட்டுக்குத் தகுதி பெறுவார்கள். ரிப்பனை வாங்கியதும் கிளம்பிவிடாமல், நடுவர் எழுதிய குறிப்புகளோடு மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் 4-எச் பதிவேட்டில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஆண்டு எந்தப் பண்டத்தை எடுத்தாலும் அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.